லிண்ட்ஸ்பர்க்: குதிரையும் கூட்டுப்பாட்டும்

வியாழன்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரத்தைத் தாண்டி வடக்கே ஏறியதும் ஐ-135 நெடுஞ்சாலைக்கு வளைவதற்கு ஒரு காரணமும் இல்லை. இரண்டு பக்கமும் கோதுமை. ஈஸ்டர் வாரம் என்பதால் எல்லாம் இன்னும் பச்சை. இது குளிர்காலக் கோதுமை. செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். பனிக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும். வெயில் வந்ததும் எழுந்து ஜூனில் அறுவடைக்கு நிற்கும். 1874-ல் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த மெனோனைட் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த ‘டர்க்கி ரெட்’ ரகம்தான் கன்சாஸைக் கோதுமை மாநிலமாக்கியது என்று இங்கே பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். கோதுமை இல்லாத வயல்களில் பின்னால் சோளம் வரும். நம் ஊர் வெள்ளைச் சோளத்தின் உறவுதான். அமெரிக்காவில் அதிகம் சோளம் விளைவதும் இந்த மாநிலத்தில்தான். ஆனால் அதில் நிறையவே மாட்டுக்குப் போடுகிறார்கள். சோளச்சோறு தின்று வளர்ந்த என் நண்பனுக்கு இது தாங்கவில்லை. “மாட்டுக்காடா?” என்று பத்து மைலுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே வந்தான்.

நாங்கள் இருவரும் வந்ததற்கு வேறு வேறு காரணம். அவன் சதுரங்கப் பைத்தியம். எனக்கு ஒரு பாட்டுக் கச்சேரி கேட்க வேண்டும். கோதுமைக் காட்டுக்குள் 3,776 பேர் (2020 கணக்கெடுப்பு) வாழும் லிண்ட்ஸ்பர்க் என்ற ஊரில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்பது வரும் வழியில்தான் அவனுக்குத் தெரிந்தது. முதலில் நம்பவில்லை.

விச்சிட்டாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். தூரத்திலேயே கான்கிரீட் குதிர்கள் தெரிகின்றன. கன்சாஸில் ஊர் வருகிறது என்று சொல்வது கோயில் கோபுரமோ மாதா கோவிலோ இல்லை, தானியக் குதிர்தான். பக்கத்தில் ஸ்மோக்கி ஹில் ஆறு. ஆறு என்று பெயர், ஆனால் சாவகாசமாக, சேற்று நிறத்தில், எங்கேயும் அவசரமில்லாமல் போகிறது.

மெயின் ஸ்ட்ரீட்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது குதிரைகள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஃபைபர் கிளாஸ் குதிரைகள், ஒவ்வொன்றும் ஒரு வண்ணத்தில், கடை வாசலிலும் தெருமுனையிலும் நிற்கின்றன. வீட்டுக் கதவிலும் சிறு மரக்குதிரைப் பலகை, அதில் வீட்டு எண் அல்லது ஸ்வீடிஷ் மொழியில் ஒரு ‘வருக’. தெருவிளக்குக் கம்பத்தில் நீலமும் மஞ்சளுமாக ஸ்வீடன் கொடி. நண்பன் காரிலிருந்தே சொன்னான்: “செட்டு போட்டு வெச்சிருக்காங்கடா.” முழுக்கத் தப்பில்லை. ஆனால் முழுக்கச் சரியும் இல்லை. அதை இரண்டு நாளில் சொல்கிறேன்.

வெள்ளி

காலையில் பழைய மாவு ஆலைக்குப் போனோம். ஆற்றங்கரையில் 1898-ல் கட்டிய ரோலர் மில். கல்லில் அரைக்காமல் இரும்பு உருளைகளுக்கு நடுவே கோதுமையை நெரித்து மாவாக்கும் முறை. உள்ளே மாடிக்கு மாடி மரக் குழாய்களும் வாளிப் பட்டைகளும் தோல் பெல்ட்டுகளும். கோதுமையை மேலே ஏற்றி, நெரித்து, சலித்து, மீண்டும் ஏற்றி, மீண்டும் நெரித்து, ஒரே மணியைப் பல முறை மாடி ஏறி இறங்க விட்டிருக்கிறார்கள். ஐம்பதுகளில் நின்றுபோன ஆலையைப் பின்னர் பழுதுபார்த்து ஓடவும் வைத்துவிட்டார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் திருவிழாவாக ஓட்டுகிறார்கள். நாங்கள் போனது ஓடாத நாள். ஆனாலும் மரத்தில் மாவு வாசனை ஏறியிருப்பதாக எனக்குத் தோன்றியது. நண்பன் தூசி வாசனை என்றான்.

இந்த ஊர் எப்படி வந்தது என்பதை இங்கே உள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ளலாம். 1860-களின் கடைசியில் ஸ்வீடனில் அடுத்தடுத்து விளைச்சல் பொய்த்தது. பஞ்சம். சிகாகோவில் ஏற்கெனவே குடியேறியிருந்த ஸ்வீடன்காரர்கள் சேர்ந்து ஒரு விவசாயக் கம்பெனி தொடங்கி, ரயில்வே கம்பெனியிடமிருந்து 13,000 ஏக்கருக்கு மேல் நிலம் வாங்கினார்கள். 1869-ல் ஊலோஃப் ஊல்சன் என்ற லுத்தரன் போதகர் வேர்ம்லாந்து மாகாணத்திலிருந்து தன் சபையாரைத் திரட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். முதல் சில வருடம் மண்ணைத் தோண்டிக் குழி வீடுகளில் குடியிருந்திருக்கிறார்கள். மரம் எங்கே இருந்தது வீடு கட்ட?

ரயில்வேக்கு நிலம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்டவாளம் போட்டால் இரு பக்கமும் நிலம் என்று அரசாங்கம் தானமாகக் கொடுத்தது. அது யார் நிலமாக இருந்தது என்று கேட்டால், இந்த மாநிலத்துக்குத் தன் பெயரையே தந்த கான்சா மக்களை 1873-ல் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பஞ்சத்தில் தப்பி வந்தவர்களும் துரத்தப்பட்டவர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இந்தச் சமவெளியில் எதிரெதிர்த் திசையில் நடந்திருக்கிறார்கள். ஊர் வரலாறு பேசுபவர்கள் முதல் பாதியை விரிவாகச் சொல்கிறார்கள்.

அதே வளாகத்தில் ஒரு பெரிய மரக் கட்டடம். 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக ஸ்வீடன் அரசு அமைத்த மாளிகை. கண்காட்சி முடிந்ததும் ஸ்வீடனுக்கான அமெரிக்கத் தூதர் ஒருவர் அதை வாங்கி, இங்கே இருக்கும் பெத்தனி கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார். பிரித்து ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து மீண்டும் பூட்டினார்கள். பல வருடம் ஓவிய வகுப்பறையாக இருந்தது. 1976-ல் ஸ்வீடன் அரசர் கார்ல் பதினாறாம் குஸ்தாவ் இந்த ஊருக்கு வந்து அதைத் திறந்துவைத்தார். சின்ன ஊருக்கு அரசர் வந்தது இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது.

மதியம் நண்பனின் முறை. 2003-ல் இந்த ஊரில் அனதோலி கார்ப்போவ் பெயரில் ஒரு சர்வதேசச் சதுரங்கப் பள்ளி தொடங்கியது. ஆம், 1998-ல் லோசானில் நம் ஆனந்தோடு பட்டத்துக்கு மோதினாரே, அதே கார்ப்போவ். கல்லூரியில் வேதியியல் கற்பித்த, சோவியத் நாட்டிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் எடுத்த முயற்சி. 2004-ல் கார்ப்போவும், பெண்கள் உலகச் சாம்பியனாக இருந்த சூசன் போல்காரும் இங்கே மோதி ஆட்டம் சமனில் முடிந்தது. அடுத்த வருடம் மிகைல் கோர்பச்சேவே வந்தார். சோவியத் யூனியனின் கடைசித் தலைவர் இந்த மெயின் ஸ்ட்ரீட்டில்! பேராசிரியர் பிறகு வெளியூர் போய்விட, பள்ளி இங்கே நிலைக்கவில்லை. நண்பன் தெருவில் பலகை ஏதாவது இருக்குமா என்று இரண்டு முறை நடந்து பார்த்தான். கடைசியில் ஒரு காபிக் கடையில் சதுரங்கப் பலகை கிடந்தது. கல்லூரி மாணவன் ஒருவனிடம் தோற்றுவிட்டு, சந்தோஷமாக வந்தான்.

ஒரு ஆள் ஆர்வத்தில் தொடங்குவது அந்த ஆள் போனதும் போய்விடுகிறது. அப்படிப் போகாமல் நின்றது எது என்றால், மாலையில் கல்லூரி வளாகத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. பெரிய வெள்ளி. பாக் இசையமைத்த இயேசுவின் பாடுகள். மூன்று மணி நேரத்துக்கு இருமினால்கூடக் கைக்குட்டைக்குள் இருமினார்கள். அதைப் பற்றி ஞாயிறன்று மொத்தமாக எழுதுகிறேன். இன்று கண் சொக்குகிறது.

சனி

குதிரைக்கு வருகிறேன். அது டாலா குதிரை. ஸ்வீடனின் டாலர்னா மாகாணத்தில் மரம் வெட்டப் போனவர்கள் குளிர்கால இரவுகளில் செதுக்கிய பொம்மை. சிவப்பு உடம்பு, கழுத்தில் பூ வேலை. இந்த ஊரை உண்டாக்கியவர்கள் வந்ததோ வேர்ம்லாந்திலிருந்தும் ஸ்மோலாந்திலிருந்தும். டாலர்னாவுக்கும் அவர்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்குக்கு முன்னால் ஒரு ராட்சதக் குதிரையை நிறுத்தினார்கள். அதன் பிறகுதான் அது ஸ்வீடனுக்கே அடையாளமானது. லிண்ட்ஸ்பர்க்கின் தாத்தா பாட்டிகள் குதிரை பொம்மையோடு கப்பலேறவில்லை. பேரப்பிள்ளைகள் அப்புறமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டு அக்டோபரில், முன்னோரைக் கொண்டாடும் ‘ஹில்னிங்ஸ்ஃபெஸ்ட்’ திருவிழா நடக்கிறது. 1941-ல் அந்த யோசனையைச் சொன்னவர் ஊர் மருத்துவர், அவரோ டச்சு வம்சாவளி! இதைக் கைவினைக் கடையில் பணம் வாங்கிய அம்மாளே சிரித்துக்கொண்டு சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு பேர் குதிரைகளுக்குப் பூ வரைந்துகொண்டிருந்தார்கள். மரத்தை வெட்டுவதிலிருந்து வண்ணம் தீட்டுவது வரை அங்கேயே நடக்கிறது. ஒரே வீச்சில், அளவு பார்க்காமல், ஓர் இதழுக்கு ஒரு தூரிகை இழுப்பு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் நடனக் குழு ஒன்று இருக்கிறது. அறுபதுகளிலிருந்து ஸ்வீடிஷ் நாட்டுப்புற ஆட்டம் கற்று, ஸ்வீடனுக்கே போய் ஆடிவிட்டு வருகிறார்கள். ஆடும் பிள்ளைகள் எல்லாருமே ஸ்வீடிஷ் குடும்பங்கள் இல்லை. ஊரில் இருந்தால் ஆடலாம், அவ்வளவுதான்.

இதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கத்துச் சிறு ஊர்களில் நூறு வருடமாக ஆள் குறைந்துகொண்டே வருகிறது. டிராக்டர் பெரிதாகப் பெரிதாகப் பண்ணையும் பெரிதாகிறது. நாலு குடும்பம் உழுத நிலத்தை ஒரு குடும்பம் உழுகிறது. மற்ற மூன்று குடும்பத்தின் பிள்ளைகள் இல்லாமல் பள்ளி மூடும், பள்ளி போனால் மளிகைக் கடை போகும். லிண்ட்ஸ்பர்க்கோ 1960-ல் இருந்ததைவிட இன்று ஆயிரம் பேர் அதிகமாக வைத்திருக்கிறது. கல்லூரி ஒரு காரணம், நெடுஞ்சாலையும் பக்கத்துச் சலைனா, மெக்ஃபர்சன் நகர வேலைகளும் இன்னொன்று. குதிரைக்கும் பங்கு உண்டு. வாங்குபவன் என்னைப் போல வெளியூர்க்காரன்.

இரண்டு ஓவியர்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். பீர்யர் சான்ட்ஸேன் 1871-ல் ஸ்வீடனில் பிறந்தவர், பாரிஸில் படித்தவர். பெத்தனி கல்லூரியைக் கட்டிய போதகர் கார்ல் ஸ்வென்சனுக்குக் கடிதம் எழுதி வேலை கேட்டு 1894-ல் வந்தார். இரண்டொரு வருடம் இருந்துவிட்டுத் திரும்பும் எண்ணம். 1946 வரை கற்பித்தார், 1954-ல் இங்கேயே இறந்தார். அவர் பெயரில் உள்ள காட்சிக்கூடத்தில் நின்றபோதுதான் நேற்றுப் பார்த்த சேற்று ஆறு எனக்குப் புரிந்தது. அவர் படத்தில் அதே ஆற்றுக்குக் கத்திரிப்பூ நிழல், இளஞ்சிவப்புக் கரை, கரண்டியால் அள்ளி அப்பியது போன்ற கெட்டி வண்ணம். கிட்டே போனால் வெறும் கட்டி கட்டியாக இருக்கிறது; பத்தடி தள்ளினால் வெயில் அடிக்கிறது. இன்னொருவர் லெஸ்டர் ரேமர். பழைய இரும்பு, தகரம், உடைந்த மரம், எது கிடைத்தாலும் அதில் ஏதாவது செய்துகொண்டிருந்த மனிதர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மனைவிக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்திருக்கிறார். அவருடைய செந்நிறக் கொட்டகைப் பட்டறையில் அவை வரிசையாக இருக்கின்றன. சான்ட்ஸேனைவிட நண்பனுக்கு இவரைத்தான் பிடித்தது.

சாயங்காலம் ஊருக்கு வடமேற்கே கரொனாடோ ஹைட்ஸ் குன்று. மேலே ஒரு கல் கோட்டை. இடைக்காலத்துக் கோட்டை இல்லை. பொருளாதார மந்த காலத்தில், 1936-ல், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க அரசுத் திட்டத்தில் கட்டியது. பெயர் 1541-ல் பொன்னைத் தேடி இந்தச் சமவெளிக்கு வந்த ஸ்பானியர் கரொனாடோவுடையது. அவர் கண்டது புல் வேய்ந்த வீடுகளும் மக்காச்சோள வயலும். பொன் இருப்பதாகச் சொல்லிக் கூட்டிவந்த வழிகாட்டியைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிட்டுத் திரும்பினார். அவர் இந்தக் குன்றில் ஏறினார் என்பது ஊர் நம்பிக்கை. ஏறினாரோ இல்லையோ, காற்று மட்டும் ஆளைத் தூக்குகிறது. அடுப்புகளில் குடும்பங்கள் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தன. கல்லூரிப் பிள்ளைகள் கிட்டார்.

இரவு சாப்பாட்டில் ‘ஊஸ்ட்காக்கா’. பாலைத் திரித்து முட்டை சேர்த்து ஓவனில் சுட்டெடுத்தது, மேலே லிங்கன்பெர்ரிப் பழக்கூழ். வாயில் வைத்ததும் சீம்பால் கட்டிதான். நண்பன் மூன்று துண்டு.

ஞாயிறு

இதற்குத்தான் வந்தேன்.

1882 மார்ச் 28. குழி வீட்டை விட்டு வெளியே வந்து சில வருடமே ஆன விவசாயிகள், இதே ஊரின் தேவாலயத்தில் ஹாண்டலின் ‘மெசையா’வைப் பாடினார்கள். ஹாண்டல் 1741-ல் எழுதி, மறு வருடம் டப்ளினில் அரங்கேறிய, இயேசுவைப் பற்றிய கூட்டுப்பாட்டு இசை அது. ஊல்சன் போதகர் லண்டனில் அதைக் கேட்டுவிட்டு வந்து சொன்ன வார்த்தை, அடுத்து வந்த ஸ்வென்சன் போதகர் காதில் விழுந்தது. கற்றுக்கொடுத்தவர் அவர் மனைவி ஆல்மா. பாடவந்தவர்களில் பலருக்கு இசைக்குறிப்பு தெரியாது, ஆங்கிலமும் சரியாகத் தெரியாது. ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக வாயால் பாடிக்காட்டி, திரும்பச் சொல்லவைத்து ஏற்றினார். வண்டி கட்டிக்கொண்டு குளிரில் பல மைல் வந்து கற்றிருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கிய கல்லூரிக்குப் பணம் சேர்க்கத்தான் கச்சேரி. கல்லூரி நிலைத்தது. பாட்டும் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்தது. முதல் உலகப் போரின்போது குழு கேம்ப் ஃபன்ஸ்டன் ராணுவ முகாமுக்கே போய்ப் படைவீரர்களுக்குப் பாடியது.

கல்லூரியின் பிரெஸ்ஸர் ஹால் மதியமே நிறைந்துவிட்டது. மேடையில் படிப்படியாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள். கல்லூரிப் பிள்ளைக்குப் பக்கத்தில் எழுபது வயதுக்காரர். மூன்றாம் வரிசையில் கடையில் நேற்று எனக்குக் குதிரை விற்ற அம்மாள்! தனிப்பாடகர்கள் வெளியூர்த் தொழில்முறைக் கலைஞர்கள். கூட்டுக்குரல் முழுக்க இந்தச் சுற்றுவட்டாரம்.

“என் ஜனத்தைத் தேற்றுங்கள்” என்று டெனர் (மேல் ஆண்குரல்) தொடங்குகிறார். சும்மா சொல்லக்கூடாது, தனிப்பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதெல்லாம் எந்த நகரத்திலும் கிடைக்கும். கூட்டுக்குரல் எழுந்தபோதுதான் நிமிர்ந்தேன். “நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்” பகுதியில் சோப்ரானோ (மேல் பெண்குரல்) தொடங்கி, டெனர் வாங்கி, ஆல்டோவும் (கீழ் பெண்குரல்) பேஸும் (கீழ் ஆண்குரல்) சேர்ந்துகொள்ள, வேகமாகச் சுரங்கள் ஓடும் நீள ஓட்டங்கள் வரும். பயிற்சி பெற்ற குழுக்களே மூச்சுத் திணறும் இடம். இவர்கள் கொஞ்சம் பின்தங்கினார்கள், நடத்துநர் கையை விசிறிப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். பேஸ் குரலில் இரண்டொருவர் முந்திக்கொண்டு நுழைந்ததும் கேட்டது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பலர் மேடையில் கையிலிருந்த புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, மனப்பாடம். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த முதியவர் வாய் திறக்காமல் உதடு மட்டும் அசைத்து மொத்தத்தையும் பாடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் கேட்டேன். ஐம்பது வருடத்துக்கு மேல் மேடையில் நின்றவராம், அவர் அப்பாவும் பாடியவராம். “இப்போ படி ஏற முடியல, அதான் கீழே” என்றார். மருமகள் ஆல்டோவில் நிற்பதைக் கை நீட்டிக் காட்டினார்.

‘அல்லேலூயா’ வந்ததும் அரங்கம் எழுந்து நின்றது. நண்பனும் எழுந்தான். யாரும் சொல்லவில்லை.

வெளியில் வைத்திருக்கும் குதிரைகள் எங்களைப் போன்றவர்களுக்கு. இது அவர்களுக்கே அவர்கள். டிக்கெட் விற்கிறார்கள், வெளியூர்க்காரர்களும் வருகிறோம். ஆனால் நாங்கள் ஒருவர்கூட வராவிட்டாலும் ஜனவரியில் ஒத்திகைக்கு இவர்கள் வருவார்கள் என்றே நினைக்கிறேன். ஸ்வீடிஷ் பெயர் உள்ளவர்கள் குழுவில் எத்தனை பேர் என்று நிகழ்ச்சித்தாளை விரித்து எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ஹாண்டல் ஜெர்மானியர், வார்த்தை ஆங்கிலம், பாடக் கற்றது ஸ்வீடிஷ் பேசிய விவசாயிகள். இதில் எண்ணி என்ன ஆகப்போகிறது?

திங்கள்

காலை காபிக் கடையில் நீள மேசை நிறைய விவசாயிகள், கூட்டுறவுச் சங்கத் தொப்பிகள். நேற்றுப் பாடிய இருவர் இருந்தார்கள். பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை இன்னும் வரவில்லை, கோதுமைக்கு இப்போது ஒரு மழை வேண்டும், டீசல் விலை, யார் வீட்டு நாய் யாரைக் கடித்தது. நான் போய் நேற்று நன்றாக இருந்தது என்றேன். “பேஸ் சொதப்பிடுச்சு” என்றார் ஒருவர், தட்டிலிருந்து தலை தூக்காமல். அவர் பேஸ். பக்கத்திலிருந்தவர் சிரித்து அவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டார்.

திரும்பும் வழியில் மேற்கே மார்க்கெட் என்ற ஊருக்கு ஒரு சுற்று. இதே மாவட்டம், அறுநூறு பேர் அளவில். 2003-ல் இந்த ஊர், வீடு கட்டிக் குடிவருவதானால் மனையை இலவசமாகத் தருகிறோம் என்று அறிவித்தது. நாடு முழுக்கச் செய்தியானது. குழந்தைகளோடு குடும்பங்கள் வந்தால் பள்ளி பிழைக்கும் என்பது கணக்கு. சிலர் வந்தார்கள், வீடுகளும் எழுந்தன. நாங்கள் போனபோது தெருவில் ஒரு ஆள் புல் வெட்டிக்கொண்டிருந்தார், ஒரு நாய், நிறுத்தியிருந்த நாலு பிக்கப் வண்டி. நண்பன் கணக்குப் போட ஆரம்பித்தான்: “மனை சும்மா. வீடு கட்ட மட்டும் காசு. நான் வீட்டிலிருந்துதானே வேலை பாக்குறேன்?” மனைவியிடம் கேட்டாயா என்றதும் பேச்சை மாற்றிவிட்டான்.

போக நினைப்பவர்களுக்கு: பக்கத்து பெரிய விமான நிலையம் விச்சிட்டா. அங்கிருந்து கார் இல்லாமல் வர வழியில்லை. ஈஸ்டர் வாரத்தில் தங்க அறை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஊரில் விடுதி குறைவு. ஆலை ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் மே முதல் வாரக் கடைசி. ஆட்டம் பாட்டத்துக்கு ஒற்றைப்படை ஆண்டு அக்டோபர். சான்ட்ஸேன் காட்சிக்கூடத்துக்குக் கட்டணம் கிடையாது, வாசலில் உண்டியல் இருக்கிறது. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கையில் புளிக்காய்ச்சல் கொண்டு வருவது நல்லது. ஞாயிறு மதியம் பெரும்பாலான கடைகள் மூடிவிடும். குதிரை வாங்குவதானால் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.